வாசல் சரிவு யாருக்கு? நடைபாதை யாருக்கு?

காலை ஐந்து மணி. முதல் ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மில் நகரம் ஒன்றின் பெரிய தெருவில் தூக்குச் சட்டியும் கையுமாகத் தொழிலாளிகள் நடக்கிறார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய விவசாயத் தொழிலாளிப் பெண்கள் கீரைக் கட்டுகளையும் காய்கறிக் கூடைகளையும் தலையில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு விரைகிறார்கள். தெருவின் இரு ஓரத்திலும் நகராட்சி போட்ட நடைபாதை இருக்கிறது. ஆனால் அதில் ஒருவர்கூட நடக்கவில்லை. எல்லோரும் லாரியும் பஸ்ஸும் ஓடுகிற தார் ரோட்டில்தான் நடக்கிறார்கள்.

ஏன்? இந்த ஜனங்களுக்கு நடைபாதையில் நடக்கத் தெரியாதா? “ஒழுங்கு தெரியாத கூட்டம்” என்று காரில் போகிற கனவான்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். நாங்கள் அந்தத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடைபாதையிலேயே நடந்து பார்த்தோம். நடந்தோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஏறினோம், இறங்கினோம், சறுக்கினோம். வீட்டுக்கு வீடு, கேட்டுக்குக் கேட்டு, கார் ஏறுவதற்காகச் சிமெண்டிலும் கருங்கல்லிலும் கட்டிய சரிவுகள். மேஸ்திரிகள் ‘ராம்ப்’ என்கிற இந்த வாசல் சரிவு, கேட்டிலிருந்து கிளம்பி, நடைபாதையை விழுங்கி, சாக்கடையை மூடி, ரோட்டில் வந்து மூக்கை நீட்டுகிறது. சில சரிவுகளின் இரு பக்கமும் பூந்தொட்டிகள். சிலவற்றுக்குக் குறுக்கே சங்கிலி. ஒன்றில் ‘இங்கே வண்டி நிறுத்தாதே’ என்ற போர்டு. யாருடைய நிலத்தில் யார் போர்டு வைப்பது?

வாசல் சரிவு ஒரு சின்ன விஷயம் என்று தோழர்கள் நினைக்கலாம். கூலி உயர்வு, போனஸ், நூறு நாள் வேலை, நிலப் பட்டா என்று எத்தனையோ பிரச்சினைகள் தலைக்கு மேல் இருக்கையில் இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். ஆனால் இந்த ஆறடிச் சிமெண்டில் ஆளும் வர்க்கத்தின் நியாயம் முழுவதும் அச்சடித்தாற்போல் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது ஒன்று

தெரு பொதுச் சொத்து. வீட்டுக்காரரின் உரிமை அவருடைய மதிற்சுவரோடு முடிந்துபோகிறது. சுவருக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக் கட்டுவதானாலும் நகராட்சியின் அனுமதி வேண்டும். இது நேற்று வந்த சட்டமல்ல. 1919-ம் ஆண்டின் சென்னை நகர முனிசிபல் சட்டத்திலும், 1920-ம் ஆண்டின் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்திலும், தெருவில் நீட்டிக் கட்டியதை அகற்றும்படி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் இருந்தது. இன்று அவற்றின் இடத்தில் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தெரு எவருடைய தனிச் சொத்தும் அல்ல என்ற நியதி மாறவில்லை.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் எழுத்தில் கணக்கு இருக்கிறது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்புத் தெருக்களில் நடப்பதற்கு மட்டும் 1.8 மீட்டர், அதாவது ஆறடி அகலம், தடையில்லாமல் இருக்க வேண்டும். வீட்டுக் கேட்டுகள் வரும் இடத்திலும் நடைபாதை அதே மட்டத்தில் தொடர்ந்து போக வேண்டும். கார்தான் ஏறி இறங்கிப் போக வேண்டும். நடப்பவர் ஏறி இறங்கக் கூடாது. எவ்வளவு நல்ல விதி! அச்சுத்தாளில் படுத்துத் தூங்குகிறது.

சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கையே வகுத்தது. போக்குவரத்துக்கென்று ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்றது அந்தக் கொள்கை. 2025 மே மாதம் 14-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு படி மேலே போயிற்று. தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது, அது ஊனமுற்றோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று சொல்லிற்று. வரவேற்கிறோம். ஆனால் எந்த ஆக்கிரமிப்பை? யாருடைய ஆக்கிரமிப்பை? அங்கேதான் வர்க்கம் வந்து குறுக்கே நிற்கிறது.

அனுமதி வாங்கும் முறை எழுத்தில் எளிதுதான். மனு எழுத வேண்டும். வரைபடம் வைக்க வேண்டும். வீட்டு வரி ரசீதும் பத்திர நகலும் இணைக்க வேண்டும். என்ஜினீயர் வந்து பார்த்து, சாக்கடையில் தண்ணீர் ஓடத் தடையில்லை என்று குறிப்பெழுத வேண்டும். பணம் கட்ட வேண்டும். பிறகு உத்தரவு வரும். அந்தப் பெரிய தெருவில் இத்தனை சரிவுகளுக்கு எத்தனை உத்தரவுகள் தரப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டோம். அப்படித் தனியாக ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. பதிவேடு இல்லையென்றால் அனுமதியும் இல்லை என்றுதானே அர்த்தம்? மனு எழுதாத பங்களா வாசலில் கருங்கல் சரிவு எப்படி முளைத்தது?

ஒரு தோழரின் மனு

இப்போது மனு எழுதிய ஒருவருடைய கதையைக் கேளுங்கள்.

அதே நகரத்தில், அந்தத் தெருவுக்கு இரண்டு பர்லாங்கு தூரத்தில், ஒரு லயன் இருக்கிறது. அங்கே குடியிருக்கும் தோழர் ஒருவர் நூற்பு மில்லில் இருபத்தெட்டு வருஷம் உழைத்தவர். இரவு ஷிப்டும், பஞ்சுத் தூசியும், நேரம் தவறிய சாப்பாடும் அவருக்குக் கொடுத்த பென்ஷன் சர்க்கரை வியாதி. அதில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சர்க்கார் அவருக்கு ஒரு மூன்று சக்கர வண்டி கொடுத்தது. மேடை போட்டு, மாலை போட்டு, போட்டோ பிடித்துக் கொடுத்தது.

வண்டி வந்தது. ஆனால் வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே மூன்றடி அகலச் சாக்கடை. வண்டி ரோட்டிலேயே நிற்கிறது. காலையில் மகன் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்கார வைக்கிறான்; இரவில் தூக்கிக்கொண்டு வருகிறான். மகன் ஷிப்டுக்குப் போய்விட்டால் அவர் வீட்டுக்குள்ளேயே கைதி. சாக்கடைக்கு மேல் ஒரு சின்னச் சரிவு போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று மனுக் கொடுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. செலவைக்கூடத் தாமே ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தார்.

முதலில் வரைபடம் இல்லையென்று மனுத் திரும்பிற்று. பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் வரைபடம் போட்டுக் கொடுத்தான். அப்புறம் பட்டா நகல் கேட்டார்கள். லயன் இருக்கும் இடம் புறம்போக்கு. பட்டாவுக்கு எங்கே போவது? வீட்டு வரி கட்டிய ரசீதைக் காட்டினார். வரி வாங்கினால் உரிமை வந்துவிடாது என்றார்கள். வரி வாங்கும்போது அது வீடு; வாசல் கேட்கும்போது அது ஆக்கிரமிப்பு! என்ஜினீயர் வந்து பார்ப்பார் என்றார்கள். எட்டு மாதம் ஆயிற்று. என்ஜினீயர் வரவில்லை.

கடைசியில் லயன்காரர்கள் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, இரண்டு கடப்பாக் கல் வாங்கிச் சாக்கடைக்குக் குறுக்கே போட்டார்கள். வேண்டும்போது தூக்கி எடுத்துவிடலாம், தண்ணீருக்குத் தடையில்லை. மூன்றாம் வாரம் ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வந்தது. எட்டு மாதமாக வழி தெரியாத நகராட்சிக்கு அன்றைக்கு வழி தெரிந்தது. கல்லிரண்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும் வழியில்தான் அந்தப் பெரிய தெரு இருக்கிறது. கருங்கல் சரிவுகளைக் கடந்துதான் வண்டி திரும்பிப் போயிற்று.

ஒரு இலாகா வண்டி கொடுக்கிறது. இன்னொரு இலாகா வண்டி ஏற வழி கொடுக்க மறுக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. சக்கர நாற்காலி ஏறும் சரிவு 12-க்கு 1 என்ற சாய்வில் இருக்க வேண்டும், அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று சர்க்கார் விதிகள் கணக்குச் சொல்கின்றன. கணக்கு இருக்கிறது, கருணைகூட மேடையில் இருக்கிறது. இல்லாதது அந்தக் கடப்பாக் கல் இரண்டு!

சரிவு ஏன் வளர்கிறது?

முப்பது வருஷத்துக்கு முன்பு இத்தனை சரிவுகள் இருந்தனவா? இல்லை. இவை முளைத்த காரணத்தைத் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் காரணம், ரோடு காண்டிராக்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ரோடு சில அங்குலம் உயர்கிறது. நான்கு முறை போட்டால் வீடு பள்ளத்துக்குப் போய்விடுகிறது. பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டி வந்தது என்றால், அதுவரை நடந்தது என்ன என்று சொல்லத் தேவையில்லை. சுரண்டுவது செலவு, மேலே பூசுவது லாபம். காண்டிராக்டருக்குச் சுரண்டத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ரோட்டைத்தான் சுரண்டமாட்டார்!

ரோடு உயர்ந்தால் பணக்காரர் என்ன செய்கிறார்? வீட்டை இடித்து, ரோட்டுக்கு மேலே மூன்றடி உயரத்தில் புது வீடு கட்டுகிறார். கார் ஏறச் சரிவு வேண்டும். அதைத் தம் மதிலுக்குள் போட்டால் வரவேற்பறை சுருங்கும். கடைக்கு விடுகிற முன்பகுதி போய்விடும். ஆகவே வெளியே போடுகிறார். நிலம் தம்முடையது மிச்சம். தெரு நம்முடையது செலவு. தொழிலாளி என்ன செய்கிறான்? அவன் வீட்டை உயர்த்த முடியாது. வாசற்படியில் செங்கல்லும் மண்ணும் வைத்து வரப்புக் கட்டுகிறான். அவர்களுக்குச் சரிவு, நமக்கு வரப்பு. மழை வந்தால் அவர்கள் சரிவில் வழிந்த தண்ணீர் நம் வரப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது.

இரண்டாவது காரணம், கார். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் நூறு குடும்பங்களில் கார் அல்லது ஜீப் வைத்திருந்தவை 4.7. சைக்கிள் வைத்திருந்தவை 44.8. அதன்பின் கார்கள் பெருகிவிட்டது உண்மைதான். ஆனாலும் மில் வாசலுக்கும் வயலுக்கும் கார் ஏறிப் போகிற தொழிலாளியை நாம் பார்த்ததில்லை. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். சுமார் 134 சதுர அடி. சென்னைக் குடிசைகளிலிருந்து ஏழைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணகி நகரில் வைத்தார்களே, அங்கே முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. ஒரு காருக்கும் ஒரு குடும்பத்துக்கும் இந்த சமுதாயம் போடுகிற கணக்கில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

சரிவுக்கு அடியில் யார்?

நடைபாதை போனது பாதிக் கதை. சரிவுக்கு அடியில் இருக்கும் சாக்கடையைப் பாருங்கள்.

பதினைந்து அடி, இருபது அடி நீளத்துக்குக் கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள். திறப்பதற்கு மூடி வைப்பதில்லை. வைத்த மூடியின் மேலும் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே மண்ணும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. மழைக்காலத்தில் மேட்டுத் தெருவில் அடைத்த தண்ணீர் பள்ளத்து லயன்களுக்குத்தான் வருகிறது. அடைப்பை எடுக்க யார் வருகிறார்? காண்டிராக்டில் கூலி வாங்கும் தூய்மைத் தொழிலாளி. சரிவை உடைக்க அவருக்கு உத்தரவில்லை. ஒரு முனையில் குனிந்து கையை விட்டுக் குச்சியால் குத்துகிறார்; மறு முனையில் இன்னொருவர் இழுக்கிறார். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதைத் தடை செய்து 2013-ல் சட்டம் வந்தது. சாக்கடைச் சாவுக்கு நஷ்ட ஈடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உயர்த்தியது. செத்த பிறகு விலை உயர்கிறது. உயிரோடிருக்கும்போது தினக்கூலி உயரவில்லை!

தார் ரோட்டில் இறங்கி நடப்பவர்கள் கதி என்ன? 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825 பேர். தினம் 90 பேர்! இது மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கு. இவர்கள் அத்தனை பேரும் வாசல் சரிவால் மாண்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நடப்பவனுக்கு நிலம் மறுக்கப்பட்ட தேசத்தில் நடப்பவன்தான் சாகிறான் என்று சொல்கிறோம்.

நடைபாதை எப்போது நினைவுக்கு வருகிறது?

சர்க்காருக்கு நடைபாதை ஞாபகமே வராது என்று சொல்லமாட்டோம். வருகிறது. கீரைக்காரி அதில் கூடையை இறக்கினால் வருகிறது. செருப்புத் தைப்பவர் சாக்கை விரித்தால் வருகிறது.

தெரு வியாபாரிகளைக் காப்பதற்கென்று 2014-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதானாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஊர்தோறும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 40 சதவீத இடம் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இவ்வளவும் சட்டம். நம் ஊர்க் கீரைக்காரிக்குக் கிடைப்பது என்ன? தராசைப் பிடுங்குகிறார்கள், கூடையைக் கவிழ்க்கிறார்கள். அவள் உட்கார்ந்த இடம் மூன்றடி. மாலையில் எழுந்து போய்விடுவாள். அவளுக்குப் பின்னாலுள்ள சரிவு பதினைந்து அடி. அது எழுந்து போகாது!

இன்னொன்றையும் நாம் மறக்க மாட்டோம். 2025 ஆகஸ்டு முதல் தேதி முதல், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, சென்னைத் தூய்மைத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று ஹைகோர்ட்டுக்கு வழக்குப் போயிற்று. அகற்ற உத்தரவு வந்தது. 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து ஆண், பெண் பாராமல் இழுத்துக்கொண்டு போனது. தினமும் அந்த நகரத்தின் நடைபாதைகளைக் கூட்டிச் சுத்தம் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தால் பாதசாரியின் உரிமை பறிபோய்விடுகிறது. பங்களாச் சரிவு பதின்மூன்று வருஷம் படுத்திருந்தால் பறிபோவதில்லை. இதுதான் சட்டத்தின் முன் சமத்துவம்!

கிராமத்திலும் இதே நாடகம்தான். வாய்க்கால் கரையில் குடிசை போட்ட விவசாயத் தொழிலாளிகள் தென்னை மரத்தைக் குறுக்கே போட்டு அதன் மேல் நடக்கிறார்கள். கர்ப்பிணியும் அதில்தான் போக வேண்டும். பிணமும் அதில்தான் போக வேண்டும். ஒரு சிறுபாலம் கேட்டு மனுக் கொடுத்தால், 1905-ம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தைக் காட்டிப் பி-மெமோ வருகிறது. அபராதம் கட்டிய ரசீதுகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிற குடும்பங்களை நாங்கள் அறிவோம். அதே வாய்க்காலுக்கு அக்கரையில் நஞ்சையை அழித்து மனை போடுகிற ரியல் எஸ்டேட் முதலாளிக்கு லாரி போகும்படி பாலம் எழும்புகிறது. தென்னை மரம் நீரோட்டத்துக்குத் தடை, கான்கிரீட் தடையில்லை!

அவர்கள் சொல்லும் சமாதானம்

“நாங்கள் வரி கட்டுகிறோம்” என்கிறார்கள் பங்களாக்காரர்கள். 2022 ஏப்ரலில் சர்க்கார் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டையும் விடவில்லை. அதற்கும் 25 சதவீதம் ஏற்றியது. வாடகைக்கு இருப்பவன் அதை வாடகையில் கட்டினான். தீப்பெட்டி முதல் சோப்பு வரை வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் தொழிலாளி வரி கட்டுகிறான். வரி கட்டுவதுதான் தெருவைப் பிடிக்க லைசென்ஸ் என்றால், லயன்காரனும் ஆறடி அளந்து வேலி போடலாமா?

“எல்லோரும்தான் ஆக்கிரமிக்கிறார்கள், ஏழை மட்டும் யோக்கியனா?” என்று கேட்கிறார்கள். வயிற்றுக்காக மூன்றடியில் உட்காருவதும், வரவேற்பறை சுருங்காமலிருக்கப் பதினைந்து அடியை வளைப்பதும் ஒன்றென்று சொல்பவர்களுக்குக் கண்ணில் கோளாறு இல்லை, மனசாட்சியில் கோளாறு.

“கார் வீட்டுக்குள் போக வேண்டாமா?” என்கிறார்கள். போகட்டும். தாராளமாகப் போகட்டும். சரிவை மதிலுக்குள் போட்டுக்கொள்ளட்டும். நடைபாதையை அதன் மட்டத்தில் விட்டுவிடட்டும். சாக்கடைக்கு மேல் தூக்கி எடுக்கக்கூடிய பலகை போடட்டும். கார் வைத்திருப்பதைக் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்தவன் கால் வைக்க இடமில்லாமல் செய்வதுதான் குற்றம்.

நம் ஆட்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பங்களாக்காரனைப் பார்த்து நம் லயன்களிலும் சிலர் சாக்கடையைச் சிமெண்டால் நிரந்தரமாக மூடுகிறார்கள். அதன் மேல் திண்ணையும் கட்டிவிடுகிறார்கள். அந்த அடைப்பில் நனைவது நம்முடைய அடுத்த வீட்டுக் குழந்தை. அதில் கை விடுவது நம்முடைய தூய்மைத் தொழிலாளித் தோழர். இதை நாமே பேசி, நாமே எடுத்துவிட வேண்டும். நம் கை சுத்தமாக இருந்தால்தான் விரலை நீட்ட முடியும்.

நமது கோரிக்கைகள்

1. வாசல் சரிவுக்கும் சாக்கடைப் பலகைக்கும் கொடுத்த அனுமதிகள் அத்தனையும் வார்டுவாரியாகப் பதிவேட்டில் ஏற்றி, நகராட்சி ஆபீஸில் பகிரங்கமாக ஒட்ட வேண்டும்.

2. ஆக்கிரமிப்பு அகற்றும் வேலை பங்களாத் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். செலவை வீட்டுக்காரரிடமே வசூலிக்க வேண்டும். புது வீட்டு வரைபடத்தில் சரிவு மதிலுக்குள் இருந்தால்தான் அனுமதி.

3. தொழிலாளர் குடியிருப்புகளில், தூக்கி எடுக்கக்கூடிய பலகைகளை நகராட்சியே தன் செலவில் போட வேண்டும். ஊனமுற்றவரும் முதியவரும் உள்ள வீட்டுக்கு மனுக் கொடுத்த 30 நாளில் சரிவு அமைத்துத் தர வேண்டும். பட்டா கேட்கக் கூடாது.

4. பழைய தாரைச் சுரண்டாமல் ரோடு போடும் காண்டிராக்டருக்குப் பில் கொடுக்கக் கூடாது.

5. 2014-ம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவைக் கூட்டாமல் ஒரு கூடையையும் தொடக் கூடாது.

6. அடைப்பெடுக்க இயந்திரம் வேண்டும். தூய்மைத் தொழிலாளர் வேலை நிரந்தரமாக வேண்டும்.

7. வாய்க்கால் கரைக் குடியிருப்புகளுக்குப் பட்டா அல்லது மாற்று மனை. அதுவரை நடந்து போகச் சிறுபாலம். பி-மெமோ அபராதம் ரத்து.

இவற்றில் ஒன்றுகூட ஆகாயத்திலிருந்து நட்சத்திரம் கேட்பதல்ல. பெரும்பாலானவை எழுதிய சட்டத்தை நடத்திக் காட்டு என்பதுதான். ஆனால் எழுதிய சட்டம் தானாக நடந்து வராது. அதற்கும் நடைபாதை இல்லை. நாம்தான் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும்.

நகரத்திலே பகுதி சபை கூடும்போது மில் தொழிலாளிகள் போய் உட்காருங்கள். கிராமத்திலே ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது; விவசாயத் தொழிலாளிகள் திரளாகப் போங்கள். சிறுபாலத்துக்குத் தீர்மானம் போடச் சொல்லி, நோட்டில் எழுதும் வரை எழுந்திருக்காதீர்கள். ஒருவன் மனு குப்பைக் கூடைக்குப் போகும். ஐந்நூறு பேர் மனு மேஜை மேல் ஏறும்.

அந்த லயன் தோழரின் வண்டி இன்றும் ரோட்டில்தான் நிற்கிறது. சங்கமும் லயன்காரர்களும் சேர்ந்து மறுபடி மகஜர் தயாரித்திருக்கிறார்கள். இந்த முறை அவர் தனியாகப் போகப்போவதில்லை. தோழர்கள் வண்டியோடு அவரை நகராட்சி ஆபீஸுக்கு அழைத்துப் போகிறார்கள். அந்த ஆபீஸ் வாசலில் கமிஷனர் கார் ஏற அகலமான சரிவு ஒன்று இருக்கிறது. அதன் வழியாகவே வண்டி ஏறும். எடுத்துச் சென்ற கடப்பாக் கல் இரண்டும் எங்கே என்று அவர் கேட்பார்.

அவரோடு போய் நாமும் கேட்போம்!